ஆமைகளைத் திருப்பி அனுப்பாததற்கு

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

இப்படிக் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். இரண்டு பஸ் மாறினால் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு யாரும் கடிதம் எழுதுவதில்லை. ஆனால் என் போன் எண்ணை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள். நேரில் வந்தால் உங்கள் முன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் நீங்களே அண்ணனிடம் "உங்க தங்கச்சிக்குப் பேச வருமா வராதா?" என்று கேட்டீர்கள். பக்கத்து அறையில்தான் இருந்தேன். எழுத உட்கார்ந்தால் மட்டும் எனக்கு வார்த்தை தடையில்லாமல் வரும். அதனால், இங்கே வந்து போகிற அண்ணனின் சாப்பாட்டுப் பையில் இதை வைத்து அனுப்புகிறேன். அண்ணன் பிரித்துப் படிக்க மாட்டான். படித்தால் யாராவது ஒருவர் பக்கம் பேச வேண்டிவரும் என்று அவனுக்குப் பயம்.

குழந்தை சிட்டுவுக்கு உடம்பு தேறிவிட்டது என்று அண்ணன் சொன்னான். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது கழன்று விழுந்த கொலுசு இப்போது காலில் நிற்கிறதாம். கேட்டதும் எனக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. சந்தோஷத்தில்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆமைகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி அண்ணன் மூலம் மூன்று முறை சொல்லிவிட்டீர்கள். தொட்டி கனமாக இருக்கிறது என்றேன். பஸ்ஸில் தண்ணீர் சிந்தும் என்றேன். இரண்டும் பொய். மூன்றாவது முறைக்கு எனக்குப் பொய் கிடைக்கவில்லை. நான் அவற்றைத் திருப்பி அனுப்பப் போவதில்லை அண்ணி.

அவற்றைச் சிட்டுவின் முதல் பிறந்தநாளுக்கு வாங்கி வந்தவள் நானேதான். நாய் என்றால் முடி, பூனை என்றால் நகம், கிளி என்றால் எச்சம் என்று நீங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளியது நினைவிருந்தது. கடைக்காரர் இரண்டு ஆமைக் குட்டிகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஆளுக்கு ஒரு பிஸ்கட் அளவு. "குரைக்காது, முடி கொட்டாது, ஓடாது. குழந்தை இருக்கிற வீட்டுக்கு இதைவிடச் சுத்தமான பிராணி கிடையாதும்மா" என்றார். உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஒன்றை முதல் தடவையாக வாங்கிவிட்டேன் என்று பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உங்களுக்குப் பிடிக்கவும் செய்தது. அதற்கு முன் நான் கொடுத்த எதையும் நீங்கள் வரவேற்பறையில் வைத்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டாரே, வீட்டில் வளர்ப்புப் பிராணி ஏதாவது உண்டா, நாய், பூனை என்று. நீங்கள் இல்லை என்றீர்கள். பொய் சொன்னீர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு அவை பிராணி இல்லை, அலமாரியில் இருக்கிற பொம்மைகளோடு சேர்த்தி. ஆனால் அந்த மாதிரி வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் ஆமையிடமிருந்து வரலாம். ஆமை நன்றாகத்தான் இருக்கும், நன்றாகச் சாப்பிடும், கிருமி மட்டும் அதன் உடம்பிலும் தண்ணீரிலும் இருக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை உள்ள வீட்டில் அவற்றை வைத்திருக்கக் கூடாது.

அன்று வார்டுக்கு வெளியே அப்பாவைப் பார்த்து நீங்கள் சொன்னதை நான் மறுபடி எழுதப் போவதில்லை. எழுதினால் என் கையெழுத்தில் ஆகிவிடும். அப்பா அடைப்பெடுக்கிற பிளம்பர், நாலு வீட்டுக் கழிவுக் குழாயில் கைவிடுகிறவர், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை அத்தனை பேர் நடுவில் அந்தக் குரலில் சொன்னபோது அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதன்பின் அவர் உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. பிளீச்சிங் பவுடரில் கை கழுவுகிறார். ஸ்பூனில் சாப்பிடுகிறார். காலையில் எனக்கு டீ போட்டுத் தருவதை நிறுத்திவிட்டார். கேட்டால், "நீயே போட்டுக்கம்மா, எனக்கு நேரமாச்சு" என்கிறார்.

உங்களிடம் நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்று கேட்கத் தைரியம் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

*

மார்ச் 6

உன் கடிதம் வந்தது. நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத எனக்கு நேரமும் இல்லை, ஆவலும் இல்லை.

பிறந்தநாளுக்குக் கொடுத்ததைப் பிடுங்கி வைத்துக்கொள்கிற குடும்பத்தை இப்போதுதான் பார்க்கிறேன். பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்த அவசரத்தில், பார்த்துக்கொள்ள ஆளில்லையே என்று நம்பி உன்னிடம் கொடுத்தேன். அது என் புத்தி. சிட்டு தினமும் அலமாரிக்கு முன்னால் போய் நின்று "ஆம்ம, ஆம்ம" என்று வெற்றுப் பலகையைத் தட்டுகிறாள். அவளுக்கு நீ வந்து பதில் சொல்.

சுத்தத்தைப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுக்கிறாய். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று மறந்துவிட்டதா? பல் டாக்டரின் கிளினிக்கில் ஏழு வருஷமாக வரவேற்பில் உட்கார்கிறேன். ஒரு வாயில் போன கருவி அடுத்த வாயில் போவதற்கு முன் என்னென்ன நடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதே ஒழுங்கைத்தான் வீட்டிலும் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை தவறாமல் அந்த இரண்டையும் குளிப்பாட்டுவேன். சிட்டுவின் குளியல் டப்பில், அவளுக்கு விடுகிற அதே சூட்டில் தண்ணீர் விட்டு, அவளுடைய சோப்பையே கரைத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஓட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் தேய்ப்பேன். தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கவிழ்த்து, பால் பாட்டில் கழுவுகிற நீள பிரஷ்ஷால் மூலைகளை எடுப்பேன். பிறகு டெட்டால். கழுவாத ஆமையைச் சிட்டு தொட்டதே கிடையாது. குளிப்பாட்டித் துடைத்த பிறகுதான் அவளை முத்தம் கொடுக்கவே விடுவேன். என் பிள்ளைக்கு என்ன சுத்தமோ அதே சுத்தம்தான் அவற்றுக்கும். கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டியவள் நீ. ஒரு சனிக்கிழமையாவது வந்து கைகொடுத்திருக்கிறாயா?

உன் அப்பாவை ஒன்றரை வருஷம் பொறுத்துக்கொண்டேன். வேலை முடிந்து அதே சட்டையோடு வருவார். "என் சிட்டுக்குட்டி" என்று தூக்குவார். தட்டிலிருந்து எடுத்து ஊட்டுவார். பெரியவர், மாமனார், மனசு நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூடியிருந்ததற்கு ஒன்பது நாள் என் பிள்ளை கையில் ஊசியோடு கிடந்தாள். டாக்டர் சொன்னது உன் காதிலும்தான் விழுந்தது, அசுத்தமான கையிலிருந்தோ உணவிலிருந்தோ வந்திருக்கும் என்றார். ஆமை என்று சொன்னாரா?

ஒரு டிகிரி வாங்கிவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா? உன் அப்பா கையைக் காப்பாற்றுவதற்கு வாயில்லாத ஜீவன்மேல் பழியைப் போடுகிறாய். பொம்பளை இல்லாமல் வளர்ந்த வீடு, அங்கே சுத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். உங்கள் அம்மா இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆமைகள் இங்கே வர வேண்டும். கேட்க வேண்டியது என்று எதையோ ஒளித்து வைத்திருக்கிறாயே, அதை நீயே வைத்துக்கொள்.

உன் அண்ணனின் மனைவி

*

மார்ச் 14

அண்ணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. ஆமைகள் இங்கேதான் இருக்கின்றன.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எங்கள் அம்மாவைப் பற்றி எழுதிய வரியை ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டேன். மற்ற மூன்று தடவையும் சனிக்கிழமைக் குளியலைத்தான் படித்தேன். குழந்தையின் டப், குழந்தையின் சோப்பு, பால் பாட்டில் பிரஷ்.

நான் குடிநீர் வாரியத்தில் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. "தண்ணி ஆபீஸ்ல ஏதோ எழுதுறா" என்று உங்கள் அக்காவிடம் சொன்னீர்கள். நான் எழுதுவதில்லை. தெருத் தெருவாக வருகிற தண்ணீர் பாட்டில்களைத் திறந்து, அதில் என்ன கிருமி இருக்கிறது என்று வளர்த்துப் பார்ப்பதுதான் என் வேலை. ஆமைத் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனேன். எங்கள் மேடம் ரொம்பக் கண்டிப்பானவர். வீட்டுத் தொட்டியெல்லாம் இங்கே கொண்டுவராதே, இது என்ன உங்க வீட்டுக் கொல்லையா என்று பாட்டிலைத் தள்ளி வைத்தார். எதற்காக என்று சொன்னேன். எனக்கு அவர் முன்னாலும் பேச்சு வராது. எப்படியோ சொன்னேன். குழந்தைக்கு எத்தனை வயது என்று கேட்டார். பிறகு அவரே கையுறை மாட்டிக்கொண்டார்.

நான்கு நாள் ஆனது. கிருமி வளர்க்கிற சிவப்புத் தட்டில் நடுவில் கறுப்புப் புள்ளி வைத்த மாதிரி வளர்ந்திருந்தது. மேலும் இரண்டு சோதனை செய்து மேடமே உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போட்டார். சால்மொனெல்லா. சிட்டுவின் டிஸ்சார்ஜ் தாளில் மூன்றாவது வரியில் இருப்பதும் அதே பெயர்தான். அண்ணனிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஏன் கேட்கிறாய் என்றுகூட அவன் கேட்கவில்லை. மேடம் கையெழுத்துப் போட்ட தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

சோப்புப் போட்டால் ஆமையிடமிருந்து அது போகாது அண்ணி. அழுக்கு என்றால் போகும். இது அதன் குடலில் இருக்கிறது, தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் தேய்க்கத் தேய்க்க அது டப்புக்கு வந்தது, டப்பிலிருந்து சிட்டுவுக்கு வந்தது. பிரஷ் வழியாக சிங்க்குக்கும் பாட்டிலுக்கும் போனது. கழுவாமல் தொட்டியிலேயே விட்டிருந்தால்கூட இவ்வளவு தூரம் வந்திருக்காது. நம் ஊரில் எத்தனையோ வீட்டில் ஆமை இருக்கிறது. குழந்தையின் டப்பில் அதைக் குளிப்பாட்டியவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருக்கிறது. மறைக்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாட்டிலில் தண்ணீர் பிடித்ததை அப்பா பார்த்துவிட்டார். எதுக்கு என்று கேட்டார். சும்மா ஒரு சோதனைக்கு என்றேன். பிறகு இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். "அப்போ இதையும் பாரு" என்றார்.

பஞ்சுக் குச்சியால் அவர் விரலிடுக்கில், நகக்கண்ணில் எல்லாம் துடைத்து எடுத்தேன். பிளீச்சிங் பவுடரில் தோல் வெடித்துக் கிடந்தது. குச்சி பட்டபோது எரிந்திருக்கும். ஸ்கூல் பிள்ளை நகம் காட்டுகிற மாதிரி கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பெற்ற அப்பாவின் கையைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு பஸ் ஏறிய மகள் இந்த ஊரில் வேறு யாராவது இருக்கிறார்களா தெரியவில்லை.

தட்டில் ஒன்றும் வளரவில்லை. சுத்தம். சாயங்காலம் வந்து சொன்னேன். அப்பா சிரித்தார். "கழுவுன கையத்தானே பாத்தே. அன்னைக்குப் புள்ளையத் தொட்ட கை இது இல்லையே" என்றார். பிறகு போய் ஆமைகளுக்குத் தீனி போட்டார். உங்கள் சொல் அவருக்குள் எவ்வளவு ஆழத்தில் போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆமைகள் வரமாட்டா. டப், பிரஷ், பாட்டில் எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள். சிங்க்கைக் கழுவி வெயில் படுகிற மாதிரி ஜன்னலைத் திறந்து வையுங்கள். இதைச் சிட்டுவுக்காக எழுதுகிறேன், உங்களுக்காக அல்ல.

நாத்தனார்

*

மார்ச் 17

தாளைப் பார்த்தேன். எங்கள் டாக்டரிடமும் காட்டினேன். பல் டாக்டர்தான், ஆனாலும் படித்தவர். தாளை இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துக் கொடுத்துவிட்டார். ஆறுதல் சொல்லாததிலிருந்தே புரிந்துகொண்டேன்.

டப்பை உடைத்துப் போட்டேன். பிரஷ், பாட்டில் எல்லாம் போய்விட்டன. நேற்று சனிக்கிழமை. பத்து மணிக்கு வெந்நீர் போட்டுவிட்டு, எதற்குப் போட்டோம் என்று அடுப்பு முன்னால் நின்றேன்.

முத்தம் கொடுக்க வைத்தவள் நான்தான். கன்னத்தோடு சேர்த்துப் பிடித்து, போட்டோகூட எடுத்தேன். அதை என்னிடம் சொல்ல உனக்கு எவ்வளவு திருப்தி. எழுதியே விட்டாய்.

சரி. எனக்கு ஒரே ஒரு கேள்வி. டாக்டர் வீட்டில் பிராணி உண்டா என்று கேட்டபோது நான் இல்லை என்றேன். எனக்குத் தெரியாது, நான் இந்தப் படிப்புப் படிக்கவில்லை. நீ என் பக்கத்தில் நின்றாய். சலைன் தொங்குகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். தினமும் கிருமியை வளர்த்துப் பார்க்கிறவள். ஆமையை வாங்கிக் கொடுத்தவள். நீ ஏன் வாயைத் திறக்கவில்லை?

இதற்குப் பதில் எழுத முடிந்தால் எழுது. முடியாவிட்டால் உன் அப்பாவின் கையைப் பற்றி எனக்கு இன்னொரு வரி எழுதாதே.

*

மார்ச் 24

அண்ணிக்கு,

பதில் எழுத ஒரு வாரம் ஆனது. மூன்று தாள் கிழித்தேன். மூன்றிலும் நான் நல்லவளாக வந்துகொண்டிருந்தேன்.

டாக்டர் கேட்ட நிமிஷமே எனக்கு ஆமைகள் நினைவுக்கு வந்துவிட்டன. கல்லூரியில் மூன்றாம் வருஷப் புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தது, ஆமை, ஓணான் மாதிரியானவற்றிலிருந்து மனிதனுக்கு வருகிற கிருமிகள் என்று. பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வியாக வந்தது. ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். கடையில் ஆமையைக் கையில் வாங்கியபோது அந்த அரைப் பக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. இதை அண்ணி மறுக்க மாட்டார்கள் என்ற நினைப்பு ஒன்றுதான் தலையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் நினைவு வந்தபோது, நீங்கள் அப்பாவைச் சொல்லிமுடித்துக் கால் மணிநேரம் ஆகியிருந்தது. எல்லாரும் அப்பா நின்ற வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தால் அத்தனை கண்ணும் என் பக்கம் திரும்பும். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள், அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டே அண்ணன் பிள்ளையைப் படுக்கவைத்தாள் என்று ஆகும். உங்கள் அக்கா அதை ஆயுளுக்கும் சொல்லுவார்கள். அப்பாவின் கை ஏற்கனவே பழியை வாங்கிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்ளட்டும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கொஞ்ச நேரம் மூன்று வாரம் ஆனது. முதல் கடிதத்தில்கூட டாக்டர் உங்களைக் கேட்டதாகத்தான் எழுதினேன், நான் நின்றதை எழுதவில்லை. கூச்சம் என்று இத்தனை நாள் எனக்கு நானே பெயர் வைத்திருந்தேன். கூச்சம் இல்லை, கோழைத்தனம். அன்றே சொல்லியிருந்தாலும் சிட்டுவுக்குக் கொடுத்த மருந்து மாறியிருக்காது என்று போன வாரம் அந்த டாக்டரிடமே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அது எனக்குத்தான் ஆறுதல். உங்களுக்கு அதில் ஒன்றுமில்லை.

இதை வைத்து நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். உங்கள் அக்காவிடமும் சொல்லலாம். நமக்குள் ஒத்துப்போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வீட்டுச் சோபாவில் நான் எப்போதும் நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், இனியும் அப்படித்தான் உட்காருவேன். எங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் மறக்கப் போவதில்லை. நான் நின்றதை நீங்களும் மறக்க வேண்டாம். இந்த ஆமைகள் முப்பது வருஷம் இருக்குமாம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளருமாம். கடைக்காரர் அதையும் சொல்லவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார். என் அறையில், தனி வாளி தனி குவளையோடு வைத்திருக்கிறேன். நம் சண்டையை விட அதிக நாள் இருக்குமா என்று பார்க்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கருவிப் பையைக் கொட்டி ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆமை, தண்ணீர், தட்டு, நான் ஆஸ்பத்திரியில் வாயை மூடிக்கொண்டு நின்றது, ஒன்றையும் விடவில்லை. என் வாழ்க்கையில் அவரிடம் அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி விடும்மா" என்றார். "நீ என் பொண்ணு. எனக்காக எதையும் உன் தலைமேல போட்டுப்பே. அந்தப் பொண்ணு பெத்தவ. புள்ளைக்கு எதனால வந்துச்சுன்னு பெத்தவளுக்குத் தெரியாதா?"

மேடம் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினேன். கண்ணாடி இல்லை என்றார். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது.

அண்ணி, நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார். அண்ணன் சொன்னாலும் நம்ப மாட்டார், மனைவிக்கும் அப்பாவுக்கும் நடுவில் சமாதானம் பேசுகிறான் என்பார். இந்த விஷயத்தில் அவருக்கு உங்கள் சொல்தான் சொல். நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு கையைக் கரைத்துக்கொண்டிருக்கிற மனுஷன், நீங்கள் மாற்றிச் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்வார். இவ்வளவு கசப்பிலும் உங்களுக்கு நான் எழுதிக்கொண்டே இருப்பது அதற்காகத்தான்.

முதல் கடிதத்திலேயே கேட்க நினைத்து, இரண்டாவதிலும் விட்டுப்போனதை இப்போது கேட்கிறேன்.

அப்பாவுக்கு ஒரு போன் செய்யுங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், கேட்டால் அவர் வெட்கப்பட்டு போனை வைத்துவிடுவார். "ஆமையாலதான் வந்துச்சு மாமா" என்று ஒரு வரி. குளிப்பாட்டியது யார், வாங்கியது யார் என்ற கணக்கெல்லாம் நாம் இரண்டு பேர் வைத்துக்கொள்வோம், அவருக்கு வேண்டாம். பிறகு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வருவார். வந்தாலும் சிட்டுவைக் கேட்க மாட்டார், வாசல் பக்கத்து நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீங்களே அவளை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்னால், உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும், அவரைக் கை கழுவச் சொல்லாதீர்கள். கழுவித்தான் வருவார்.

இப்படிக்கு,
சிட்டுவின் அத்தை